லினக்ஸில் அசெம்பிளி: 'வணக்கம்' எழுதினால் 'வண' மட்டும் வருகிறது

#1 விடியல்23

எல்லாருக்கும் வணக்கம். சில வருடங்களாகப் பைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் சி தெரியும். நாம் எழுதும் ஒரு வரி கடைசியில் செயலிக்குள் போய் என்னவாகிறது என்று நேரில் பார்க்க நெடுநாள் ஆசை. போன வாரம் லினக்ஸில் நாஸம் என்ற அசெம்பிளரை (அசெம்பிளியைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கருவி) நிறுவி அசெம்பிளியில் முதல் நிரலை எழுதினேன். 64 பிட் கணினி, இன்டெல் செயலி.

முதலில் ஆங்கிலத்தில் 'ஹலோ' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை அச்சிட்டேன். எழுத்து ஐந்து, வரிமுறிவு ஒன்று, ஆக நீளம் 6. ஒழுங்காக வந்தது. அப்புறம் அதே இடத்தில் 'வணக்கம்' என்று மாற்றினேன். இதுவும் ஐந்தெழுத்துதானே என்று நீளத்தைத் தொடவில்லை. ஓட்டினால் 'வண' என்று மட்டும் வருகிறது. வரியும் முறியவில்லை, டெர்மினலின் தூண்டுகுறி அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

முக்கியமான பகுதி இது, உச்சரிப்பது போலவே எழுதுகிறேன் (ஆர்ஏஎக்ஸ் போன்றவை ரெஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்):

மூவ் ஆர்ஏஎக்ஸ், 1
மூவ் ஆர்டிஐ, 1
மூவ் ஆர்எஸ்ஐ, செய்தி
மூவ் ஆர்டிஎக்ஸ், 6
சிஸ்கால்
ரெட்

அச்சிட்ட கையோடு 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நிரல் விழுகிறது. அது இன்னொரு சிக்கல். மூன்றாவதாக ஒரு குழப்பம்: ஒரு பாடத்தில் சிஸ்கால் என்கிறார்கள், இன்னொன்றில் இன்ட் 80 என்கிறார்கள், மற்றொன்றில் எல்லாம் தலைகீழாக, விழுக்காட்டுக் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். எதைப் பிடித்துக்கொண்டு போவது?

#2 எட்டுபிட்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். மற்றதை நண்பர்கள் சொல்வார்கள்.

கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எழுத்து தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். நீங்கள் 6 என்றீர்கள், அது ஆறு பைட்டை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டது. எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'வ' என்பது 224, 174, 181. 'ண' என்பது 224, 174, 163. ஆறு பைட்டில் இவை இரண்டும் அடங்கின. உங்கள் 'வண' இங்கிருந்துதான் வந்தது.

'வணக்கம்' நம் கணக்கில் ஐந்தெழுத்து. யூனிகோடில் புள்ளி தனிக்குறியீடு என்பதால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு ஆகிறது. ஏழு மூன்று 21, வரிமுறிவோடு 22. அங்கே 22 போட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்த எண்ணை நீங்களே எண்ணி எழுதும் பழக்கம் வேண்டாம். செய்திக்கு அடுத்த வரியிலேயே 'நீளம் ஈக்யூ $ - செய்தி' என்று எழுதுங்கள். $ என்றால் 'இப்போது நிற்கும் முகவரி'. அதிலிருந்து செய்தி தொடங்கும் முகவரியைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும், அசெம்பிளரே கணக்குப் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே வேறு தரவை வைத்துவிடாதீர்கள். அதுவும் சேர்த்து எண்ணப்படும்.

#3 கருந்திரை

மூன்றாவது குழப்பத்துக்கு வருகிறேன். அதில்தான் புதிதாக வருகிறவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்த பாடங்கள் எல்லாமே சரி. ஆனால் அவை வேறு வேறு காலத்தவை.

லினக்ஸ் 1991இல் 386 செயலிக்காக எழுதப்பட்டது. அன்று கெர்னலை அழைக்க இன்ட் 80 என்ற வழி இருந்தது. அந்த 80 பதினறும எண், நம் கணக்கில் 128. அந்த அட்டவணையில் எழுதுவதற்கு எண் 4, வெளியேறுவதற்கு 1. தகவல்களை ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ் என்ற 32 பிட் ரெஜிஸ்டர்களில் கொடுக்க வேண்டும். பிறகு ஏஎம்டி 64 பிட் கட்டமைப்பைக் கொண்டுவந்தது, 2003இல் ஆப்டெரான் செயலி வெளியானது. அதற்கு லினக்ஸில் புது அட்டவணையே போட்டார்கள். அதில் படிக்க 0, எழுத 1, வெளியேற 60. அழைக்கும் கட்டளை சிஸ்கால்.

இரண்டையும் கலந்தால் நடப்பதைக் கவனியுங்கள். ஆர்ஏஎக்ஸில் 1 வைத்து இன்ட் 80 போட்டால் எழுதாது, நிரல் சத்தமில்லாமல் முடிந்துபோகும். பழைய அட்டவணையில் 1 என்றால் வெளியேறு. 4 வைத்து சிஸ்கால் போட்டால் ஒரு கோப்பின் விவரத்தைக் கேட்கும் அழைப்புக்குப் போய்விடும்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. 64 பிட் நிரலில் இன்ட் 80 பல சமயம் வேலை செய்துவிடும். முகவரியின் கீழ் 32 பிட்டை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். டேட்டா பகுதியில் உள்ள செய்தி சிறிய முகவரியில் இருந்தால் தப்பித்துவிடும். ஆனால் ஸ்டேக் (நிரல் தற்காலிகத் தரவை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) மிக உயரமான முகவரியில் இருக்கிறது. அங்கே ஒரு பஃபர் (தரவுக்கான தற்காலிக இடம்) வைத்து அதை எழுதச் சொல்லுங்கள், -14 என்ற பிழை திரும்பும், திரையில் ஒன்றும் வராது. 'நேற்றுவரை ஓடியதே' என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் 64 பிட்டில் தொடங்குங்கள், சிஸ்கால் மட்டும் பயன்படுத்துங்கள். இன்ட் 80 உள்ள பாடத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

தகவல் கொடுக்கும் வரிசை: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9. அழைப்பு எண் ஆர்ஏஎக்ஸில். விடையும் ஆர்ஏஎக்ஸிலேயே வரும். -1 முதல் -4095 வரை வந்தால் பிழை. சிஸ்கால் கட்டளை தான் திரும்பிவர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் கொடிகளை (முந்தைய கணக்கின் நிலையைக் காட்டும் பிட்டுகள்) ஆர்11இலும் போட்டுவிடும், அங்கே நீங்கள் வைத்திருந்தது அழிந்துவிடும். ஆர்சிஎக்ஸில் எண்ணிக்கை வைத்து, லூப் போட்டு, உள்ளே எழுதச் சொன்னால் அந்த லூப் நிற்கவே நிற்காதது போலத் தெரியும். இதில் விழாமல் அசெம்பிளி கற்றவரை நான் பார்த்ததில்லை.

#4 விடியல்23

22 போட்டேன், முழு வணக்கமும் வந்துவிட்டது! பிறகு $ கழித்து எழுதினேன், அதுவும் வந்தது. வேண்டுமென்றே 7 போட்டும் பார்த்தேன். 'வண' என்று வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம் வந்தது. 'க'வின் முதல் பைட் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, இல்லையா?

இன்ட் 80 பாடத்தை மூடிவிட்டேன். செக்மென்டேஷன் ஃபால்ட் மட்டும் இன்னும் போகவில்லை.

#5 மணற்கடிகை

ஆமாம், அந்தக் கட்டம் அரைகுறை 'க'தான்.

நிரல் விழுவதற்குக் காரணம் அந்த ரெட். சியில் மெயின் ஒரு ஃபங்ஷன், அதை யாரோ அழைத்திருப்பார்கள், ரெட் போட்டால் அழைத்தவரிடம் திரும்பும். அடிக்கோட்டோடு தொடங்கும் ஸ்டார்ட் லேபிள் அப்படி இல்லை. அதை யாரும் அழைக்கவில்லை. கெர்னல் நிரலை நினைவகத்தில் ஏற்றி, நேராக அங்கே கொண்டுவந்து விடுகிறது. திரும்பிப் போக முகவரியே கிடையாது.

அப்படியானால் ரெட் எதை எடுத்தது? ஸ்டேக்கின் உச்சியில் இருப்பதை. நிரல் தொடங்கும்போது அங்கே இருப்பது கட்டளைவரியில் வந்த சொற்களின் எண்ணிக்கை. நிரலின் பெயரை மட்டும் தட்டி ஓட்டினால் அது 1. ரெட் அந்த 1ஐ முகவரி என்று நம்பி அங்கே குதிக்கிறது. நமக்குச் சொந்தமில்லாத இடம், கெர்னல் நிரலை நிறுத்திவிடுகிறது.

நான் சொன்னதை அப்படியே நம்பவேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஜிடிபியில் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பிழைதேடும் கருவி) நிரலைத் திறந்து ஓடவிடுங்கள், விழுந்தவுடன் அடுத்த கட்டளையின் முகவரி இருக்கும் ஆர்ஐபி ரெஜிஸ்டரைக் கேளுங்கள். 1 என்று காட்டும். இப்போது பின்னால் இரண்டு சொற்களைச் சேர்த்து ஓட்டுங்கள். 3 என்று காட்டும். எனக்கு ஸ்டேக் புரிந்தது இந்த ஒரு சோதனையில்தான்.

ரெட்டை எடுத்துவிட்டு வெறுமனே விட்டாலும் ஆகாது. செயலிக்கு 'நிரல் முடிந்தது' என்ற எண்ணமே இல்லை. அடுத்து இருக்கும் பைட்டையும் கட்டளையாகவே எடுக்கும். அங்கே பெரும்பாலும் வெறும் பூச்சியங்கள் இருக்கும். இரண்டு பூச்சிய பைட் சேர்ந்தால் 'ஆர்ஏஎக்ஸ் காட்டும் இடத்தில் அதன் கீழ் எட்டு பிட்டான ஏஎல்லைக் கூட்டு' என்று பொருள். அப்போது ஆர்ஏஎக்ஸில் இருப்பது எழுதிமுடித்த 22. முகவரி 22இல் எழுதப் போய் மறுபடி விழும்.

சரியான வழி: ஆர்ஏஎக்ஸில் 60, ஆர்டிஐயில் 0, சிஸ்கால்.

இன்னொன்று. எண்களை அச்சிடக் கற்கும்வரை இந்த வெளியேறும் எண்ணையே உங்கள் திரையாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் விடையை ஆர்டிஐயில் போட்டு வெளியேறி, டெர்மினலில் எக்கோ $? என்று கேட்டால் விடை தெரியும். 255 வரைதான். 300 போட்டால் 44 என்று காட்டும், கீழ் எட்டு பிட் மட்டுமே மிஞ்சும்.

#6 நள்ளிரவுநிரலர்

நாஸமில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லினக்ஸ் கெர்னலின் மூலத்தில் உள்ள அசெம்பிளி எல்லாம் குனு அசெம்பிளர் நடையில் இருக்கிறது. ஜிசிசி என்ற சி கம்பைலர் கொடுப்பதும் அதே நடை. விடியல் பார்த்த 'தலைகீழ்' இதுதான்: ஏடி அண்ட் டி நடையில் மூலம் முதலில், சேருமிடம் பிறகு. ரெஜிஸ்டருக்கு முன் விழுக்காட்டுக் குறி, நேரடி எண்ணுக்கு முன் டாலர் குறி. நாளைக்குப் பெரிய திறமூலத் திட்டங்களைப் படிக்க வேண்டுமானால் இன்றே இதைக் கற்பது நல்லது. இரண்டு முறை கற்பதற்கு ஒரு முறை கற்கலாமே.

#7 கருந்திரை

உங்கள் காரணம் நியாயமானது. கெர்னல் படிப்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் தொடங்குகிறவர் தினமும் புரட்டவேண்டியது செயலியின் கையேட்டை. இன்டெல், ஏஎம்டி இரண்டின் கையேடுகளும் சேருமிடத்தை முதலில் எழுதுகின்றன. கையேட்டில் ஒரு வரிசை, கையில் வேறு வரிசை என்றால் முதல் மாதம் முழுக்க மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குனு அசெம்பிளரே இன்டெல் நடையையும் ஏற்கும், கோப்பின் தலையில் ஒரு வரி போட்டால் போதும்.

விடியல், நீங்கள் நாஸமிலேயே இருங்கள். ஆனால் ஜிடிபியும், முடிந்த நிரலை மறுபடி அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்பும் தாமாக விட்டால் ஏடி அண்ட் டி நடையில்தான் காட்டும். இரண்டையும் இன்டெல் நடைக்கு மாற்றி வைத்துவிடுங்கள். எழுதுவதும் பார்ப்பதும் ஒரே உருவில் இருக்க வேண்டும், இதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அப்புறம், கட்டளைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். மூவ், ஆட், சப், கம்பேர், ஜம்ப் வகைகள், புஷ், பாப், கால், ரெட் இவ்வளவு தெரிந்தால் பல மாதம் ஓட்டலாம். நேரத்தை ஜிடிபியில் செலவிடுங்கள். ஸ்டார்ட்ஐ என்று கொடுத்தால் முதல் கட்டளையிலேயே நிற்கும். லேஅவுட் ரெக்ஸ் கொடுத்தால் எல்லா ரெஜிஸ்டர்களும் திரையின் மேல்பாதியில் வரும். ஸ்டெப்ஐ ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை நகரும், மாறியது பளிச்சென்று தெரியும். எண்டரைத் தட்டுவதற்கு முன் 'இப்போது எந்த ரெஜிஸ்டர் எந்த எண்ணாக மாறும்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். தவறினால் அங்கேயே நின்று ஏன் என்று பாருங்கள். நான் கற்றதில் பெரும்பகுதி அந்தத் தவறிய இடங்களில்தான் கிடைத்தது.

நிரல் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸையும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் நிரலை அதன் கீழ் ஓட்டியிருந்தால் 'ரைட்' அழைப்பு, கடைசி மதிப்பு 6, திரும்பிய விடையும் 6 என்று ஒரே வரியில் காட்டியிருக்கும். கேட்டதைக் கெர்னல் செய்துவிட்டது, கேட்டதுதான் தவறு என்று உடனே புரிந்திருக்கும்.

#8 விடியல்23

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஜிடிபியில் 1ம் 3ம் பார்த்துவிட்டேன். ஸ்டெப்ஐ தட்டுவதற்கு முன் சொல்லிப் பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது.

இப்போது எண்ணை அச்சிட முயல்கிறேன். முதலில் வணக்கம் அச்சிட்டு, பிறகு 1234ஐப் பத்தால் வகுத்து இலக்கம் இலக்கமாக எடுக்க நினைத்தேன். டிவ் கட்டளையிலேயே 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸப்ஷன்' என்று நிற்கிறது. தசம எண் எதையும் நான் தொடவே இல்லை. பூச்சியத்தாலும் வகுக்கவில்லை.

#9 எட்டுபிட்

அந்தச் செய்தியின் பெயர் பழைய காலத்தது, அதை விட்டுவிடுங்கள். முழு எண் வகுத்தலில் வரும் பிழைக்கும் லினக்ஸ் அதே சிக்னலைத்தான் அனுப்பும்.

64 பிட் டிவ் ஆர்ஏஎக்ஸை மட்டும் வகுப்பதில்லை. ஆர்டிஎக்ஸை மேல்பாதியாகவும் ஆர்ஏஎக்ஸைக் கீழ்ப்பாதியாகவும் ஒட்டி, 128 பிட் எண்ணாக வைத்து வகுக்கிறது. உங்கள் ஆர்டிஎக்ஸில் என்ன இருந்தது? வணக்கத்தின் நீளம், 22. ஒட்டிய எண் மிகப் பெரியது. பத்தால் வகுத்தாலும் ஈவு 64 பிட்டில் அடங்காது. செயலி கையை விரித்துவிட்டது.

டிவ்வுக்கு முன் 'எக்ஸார் ஈடிஎக்ஸ், ஈடிஎக்ஸ்' போடுங்கள். 32 பிட் பாதியில் எழுதினால் மேல் 32 பிட்டும் தானாகப் பூச்சியமாகும், ஆகவே முழு ஆர்டிஎக்ஸும் சுத்தமாகிவிடும்.

இதை லூப்புக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒரு முறை போட்டால் போதாது. டிவ் முடிந்ததும் மீதி ஆர்டிஎக்ஸில்தான் வந்து உட்காரும். மீதி பத்துக்குக் குறைவு என்பதால் அடுத்த சுற்றில் பிழையே வராது, விடை மட்டும் கண்டபடி இருக்கும். விழுகிற நிரலைக்கூடப் பிடித்துவிடலாம், விழாமல் பொய் சொல்வதைப் பிடிப்பது கடினம்.

இலக்கங்கள் கடைசியிலிருந்து முன்னோக்கி வரும் (4, 3, 2, 1). அதனால் பஃபரைப் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். 64 பிட்டின் மிகப் பெரிய எண்ணுக்கு 20 இலக்கம், ஆகவே 20 பைட் போதும். ஒவ்வொரு இலக்கத்தோடும் 48 கூட்டினால் அச்சிடும் குறியாகும்.

#10 மணற்கடிகை

அதே நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள், பைட் பற்றிய பாடம் முழுமையாகும். 48 கூட்டுவதற்குப் பதில் இலக்கத்துக்கு மூன்று பைட் வையுங்கள்: 224, 175, அப்புறம் 166 கூட்டல் இலக்கம். தமிழ் எண்களில் அச்சாகும். பஃபர் மட்டும் 60 பைட் வேண்டும்.

#11 தூரிகை7

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சி நூலகத்தோடு சேர்த்து, மெயின் வைத்து, பிரின்ட்எஃப் அழைக்கிறேன். பிரின்ட்எஃப்புக்கு உள்ளே போய் விழுகிறது. நான் கொடுத்த முகவரிகள் எல்லாம் சரி.

#12 கருந்திரை

கிட்டத்தட்ட நிச்சயமாக ஸ்டேக் சீரமைப்புதான். ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கணத்தில் ஆர்எஸ்பி 16ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். மெயினுக்குள் நுழையும்போது திரும்பும் முகவரி எட்டு பைட் எடுத்திருக்கும், அதனால் எட்டு தள்ளி நிற்பீர்கள். தொடக்கத்தில் 'சப் ஆர்எஸ்பி, 8' போட்டு, முடிவில் திரும்பக் கூட்டிவிடுங்கள். ஜிடிபியில் விழுந்த இடத்தில் மூவ்ஏபிஎஸ் என்ற கட்டளை இருந்தால் இது உறுதி. முகவரி 16இல் ஒழுங்காக இல்லாவிட்டால் அது ஏற்காது.

பிரின்ட்எஃப்புக்கு முன் ஏஎல்லில் 0 வையுங்கள், தசம எண் எதுவும் அனுப்பவில்லை என்று பொருள். திரும்பி வந்தபின் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை மட்டும்தான் பழையபடி இருக்கும். மற்றதில் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

#13 நள்ளிரவுநிரலர்

ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் எல்லாம் லினக்ஸ், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகள்) இரண்டும் சேர்ந்த இடத்துக்கு மட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் எழுத 4, வெளியேற 1. பிழை வந்தால் எதிர்ம எண் திரும்பாது, கேரி கொடி ஏறும். 64 பிட் ஆர்ம் செயலியில் லினக்ஸ் என்றால் எழுத 64, வெளியேற 93. எண்ணை எக்ஸ்8இல் வைத்து எஸ்விசி 0 போட வேண்டும். ரிஸ்க்-வியிலும் அதே 64, 93தான், எண் ஏ7இல், கட்டளை ஈகால். சிறிய ஆர்ம் பலகை கையில் இருந்தால் வணக்கம் நிரலை அதிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

#14 தூரிகை7

எட்டைக் கழித்தேன், ஓடிவிட்டது. மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். கம்பைலர் நம்மைவிட நன்றாக எழுதும் என்கிறார்களே, இதையெல்லாம் கையால் எழுதிப் பயன் உண்டா?

#15 எட்டுபிட்

பெரும்பாலும் அது நன்றாகத்தான் எழுதும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிவதே எனக்குப் பெரிய பயனாக இருக்கிறது. சியில் ஓர் எண்ணைப் பத்தால் வகுக்கும் சிறு ஃபங்ஷன் எழுதி, ஓ2 (வேகத்துக்காகச் சீராக்கச் சொல்லும் கம்பைலர் விருப்பம்) கொடுத்து அசெம்பிளியாக எடுத்துப் பாருங்கள். அதில் டிவ் இருக்காது. 32 பிட் குறியில்லா எண் என்றால், 3435973837ஆல் பெருக்கி 35 பிட் வலப்புறம் நகர்த்தியிருக்கும். பெருக்கல் வகுத்தலைவிட வேகமானது என்பதால் இப்படி. தாளில் அந்த எண்ணை 10ஆல் பெருக்கி, 2இன் 35ஆம் அடுக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டே இரண்டுதான் கூடுதலாக வரும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

#16 விடியல்23

தமிழ் எண் வந்துவிட்டது: ௧௨௩௪. எக்ஸாரை முதலில் லூப்புக்கு வெளியேதான் போட்டேன். எட்டுபிட் சொன்ன மாதிரியே விழாமல் தப்பான எண்களைக் கொட்டியது. ஜிடிபியில் இரண்டாவது சுற்றில் ஆர்டிஎக்ஸில் 4 உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து, உள்ளே வருவதைப் படித்து அப்படியே வெளியே எழுதும் நிரல். படிப்பு 0 திருப்பினால் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். கோப்புக்கு வேலை செய்கிறது. வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

#17 மணற்கடிகை

எழுதும் அழைப்பின் விடையையும் பாருங்கள். 4096 பைட் எழுதச் சொன்னால் குழாய்க்கோ சாக்கெட்டுக்கோ எழுதும்போது அதைவிடக் குறைவாக எழுதிவிட்டுத் திரும்பலாம், அது பிழை இல்லை. எழுதிய அளவை ஆர்எஸ்ஐயில் கூட்டி, ஆர்டிஎக்ஸில் கழித்து, மிச்சம் இருக்கும்வரை மறுபடி எழுத வேண்டும். எதிர்ம எண் வந்தால் மட்டும் பிழை. மிச்சக் கணக்கை ஆர்சிஎக்ஸில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

#18 விடியல்23

ஆர்12இல் வைக்கிறேன். இன்று இரவே எழுதிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.